ஊமைப்பாரில் ஒரு நிமிடம்

கடலுக்குள் போய்த் திரும்பாத தஸ்நேவிஸின் முதல் மூச்சு ஊமைப்பாரில் கிளம்பி மேலே ஏறத் தொடங்கியபோது, கரையில் மாதா கோயிலில் அவனுக்கு முதலாம் ஆண்டு நினைவுப் பூசை நடந்துகொண்டிருந்தது. சாமியார் அவன் பெயரைச் சொல்லி நித்திய இளைப்பாற்றி கேட்கிற இடத்துக்கு வந்திருந்தார், பெண்கள் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்கள், அந்த நேரம் பார்த்து வலைக்குப் போயிருந்த இரண்டு பேர் ஈரம் சொட்டச் சொட்ட நடுவாசல் வழியாக ஓடிவந்து, "சாமி, பூசைய நிப்பாட்டுங்க, ஆளு மூச்சு விடுதான்" என்றார்கள்.

அதற்காக யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. சாமியார் புத்தகத்தை மூடிவிட்டு, மூச்சு விடுகிறவனுக்கு இந்தப் பூசை செல்லாது என்று மட்டும் சொன்னார். மூலையில் இருந்த கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் சாமான் அறையில் வைத்தார்கள். பிறகு ஊரே பூசைக்கு வந்த உடுப்போடு ஃபைபர் படகுகளில் ஏறிக்கொண்டு ஊமைப்பாரைப் பார்க்கப் போனது. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் யாரும் தோளுரசாத இடத்தில் நின்றுகொண்டிருந்த கஸ்பாருக்கு மட்டும் எந்தப் படகிலும் இடமில்லை. எல்லோரும் திரும்பிய பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், அவன் ஒரு சின்ன வத்தையைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனான்.

ஏழு பாகம் ஆழமுள்ள பார் அது, கடலடிப் பாறைத்திட்டு. பாகம் என்பது கடற்கரைக்காரன் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். அந்த ஆழத்திலிருந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குமிழியும் அதன் பின்னால் சின்னதும் பெரிதுமாக ஒரு கூட்டமும், சப்பரத்துக்குப் பின்னால் ஜனம் நடக்கிற வேகத்தில் ஏறி வந்துகொண்டிருந்தன. காலையில் புறப்பட்ட குமிழி மாலை மூவேளை செபத்துக்குக் கோயில் மணி அடிக்கும்போதுதான் மேலே வந்தது, வந்ததும் ஒரு மனிதன் வாயைக் குவித்து ஊதுகிற சத்தத்தோடு உடைந்தது. கஸ்பார் குனிந்து அந்தக் காற்றை முகத்தில் வாங்கினான். பயமாக இருந்தது, ஆனால் வத்தையைத் திருப்ப மனம் வரவில்லை.

கஸ்பார் யார் என்றால், தஸ்நேவிஸின் பெண்டாட்டி எமரன்சியின் அண்ணன். அந்தக் கரையில் இது சின்ன உறவு இல்லை. சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனியை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் மட்டும்தான் பிடிப்பான். அப்பனிடம் கொடுக்க மாட்டார்கள், சொந்த அண்ணன் தம்பியிடம் கொடுக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அண்ணன் தம்பிக்குள் சொத்து வழக்கு இருக்கும், மச்சானுக்குத் தங்கச்சி தாலியைத் தவிர வேறு யோசனை இருக்காது. ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணின் அண்ணனைத்தான் பார்ப்பார்கள். எமரன்சியைப் பார்க்க வந்த அன்றும், அவள் காபித் தட்டோடு நிற்க நிற்க, மாப்பிள்ளை வீட்டார் கஸ்பாரைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார்கள். அவன் ஒற்றைக் கையால் தூக்கினான், கல்யாணம் முடிவாகிவிட்டது. "என்னைய யாரு பாத்தா? எங்க அண்ணன் புஜத்தப் பாத்து முடிச்ச கல்யாணம்" என்று எமரன்சி சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

பிறகு கயிற்றின் காலம் போய் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொள்ளும் காலம் வந்தது. பாரில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை அறுத்து எடுக்கிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், மாமனும் மச்சானுமாக இரண்டு பேரும் போனார்கள், சகாதேவன் மாஸ்டர் என்பவர் தூத்துக்குடியில் ஒரு நீச்சல் குளத்தில் வைத்து அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கயிறு கிடையாது, மேலே நின்று பிடிக்கிறவனும் கிடையாது, இரண்டு பேரும் ஜோடியாக இறங்க வேண்டும், ஒருவனை ஒருவன் கண்ணில் வைத்திருக்க வேண்டும். மாஸ்டர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஜோடியக் காணலன்னா?"

"நிக்கணும் மாஸ்டர். சுத்திப் பாக்கணும். சிலிண்டரத் தட்டிப் பாக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிசம்."

"ஒரே நிமிஷம். அதுக்கு மேல தேடினா, தேடப்போனவனையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். அப்புறம்?"

"மெதுவா மேல வரணும். அஞ்சு மீட்டர்ல மூணு நிமிசம் நிக்கணும். அதுக்குப் பெறகுதான் தலைய வெளிய நீட்டணும்."

"அவனும் அதையேதான் செஞ்சிருப்பான். மேல பாத்துக்கலாம்" என்று மாஸ்டர் முடிப்பார். அந்த மூன்று நிமிடத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு, ஏனென்றால் கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி, அவசரமாக ஏறி, காலம் முழுக்கக் கால் விளங்காமல் கிடக்கிற குளியாட்களை அந்தக் கரையில் அவர் நிறையப் பார்த்திருந்தார். தஸ்நேவிஸ் எல்லாவற்றையும் ஒப்பிப்பான், வெளியே வந்ததும் கஸ்பாரின் விலாவில் குத்தி, "மச்சான விட்டுட்டு மேல ஏறவாம், கேட்டியா" என்று சிரிப்பான்.

முதல் மூச்சுக்கு முந்தின வருடம், பங்குனிக் கடைசியில், ஊமைப்பாரில் ஒரு பெரிய வலையை அறுத்து இழுத்தபோது சேறு கிளம்பியது. கஸ்பாருக்குத் தன் கையே தெரியவில்லை. நின்றான், சுற்றிப் பார்த்தான், கத்திப் பிடியால் சிலிண்டரைத் தட்டினான், ஒரு நிமிடம் பார்த்தான், ஏறினான், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றான், தலையை வெளியே நீட்டினான். கடல் பால்போலக் கிடந்தது. படகில் இருந்தவர்கள் அவனையும் அவனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

காவல்படை தேடியது, குளியாட்கள் தேடினார்கள், மாஸ்டர் ஒரு வாரம் தேடினார், ஒரு துடுப்புச் செருப்புகூடக் கிடைக்கவில்லை. எமரன்சி அண்ணனைப் பார்த்து, "அவரு எங்கண்ணே?" என்று ஒரு தடவை கேட்டாள். கஸ்பார் விதியைச் சொன்னான், ஒரு நிமிடத்தைச் சொன்னான், மூன்று நிமிடத்தைச் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள், அதன்பிறகு அவனோடு பேசவில்லை. ஊர் அவனுக்கு நிமிசக்காரன் என்று பெயர் வைத்தது. மச்சான் சேற்றுக்குள் கிடக்க, மேலே வந்து மூன்று நிமிடம் சும்மா நின்றானாம் என்று சொல்லிச் சொல்லிக் காறித் துப்பியது. அவன் கடலை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்கப் போனான்.

இப்படி இருக்கும்போதுதான் முதல் மூச்சு வந்தது. அடுத்த மூச்சு மறு வருடம் அதே பங்குனிக் கடைசியில் வந்தது, அதற்கடுத்தது அதற்கு மறு வருடம், வருடத்துக்கு ஒரு மூச்சு, விடிந்தால் தொடங்கி அடைந்தால் முடியும், ஒரு வருடம்கூடத் தப்பவில்லை. கீழே போய்ப் பார்த்தவர்கள், மணலுக்கு மேலே ஒரு ஆள் நின்றால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், ஒன்றுமே இல்லாத தண்ணீரிலிருந்து குமிழி பிறக்கிறது என்றார்கள். ஊர் என்றால் எதையும் ஒரு மாதத்தில் பழக்கிக்கொள்ளும். தாலியைக் கழற்றி வாங்கிய அதே பெண்கள் அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்து எமரன்சியின் கழுத்தில் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஊமைப்பாரைச் சுற்றி வலை போடுவதில்லை என்று கட்டுப்பாடு வந்தது. மூச்சு நாளில் மற்ற ஊர்களிலிருந்தும் படகு பிடித்து வந்தார்கள், மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகளைத் தூக்கி வந்து குமிழி உடைகிற இடத்தில் குப்புறப் பிடித்தார்கள், ஒருத்தி படகிலேயே அடுப்பு வைத்துச் சுக்குக் காபி விற்றாள். பாருக்கு மேலே போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போடுவது பழக்கமாயிற்று. கீழே ஆள் இருக்கும்போது தலைக்கு மேலே சத்தம் போடலாமா என்று கேட்டார்கள்.

மூன்றாவது மூச்சின்போது ரேமண்ட் என்கிற குளியாள், துணிச்சல்காரன், குமிழி பிறக்கிற இடத்துக்குள்ளேயே இடது கையை நீட்டிவிட்டான். அங்கே ஒரு தோள் இருந்ததாம், வெதுவெதுப்பாக, கல்லுப்போல அசையாமல். தொட்டுவிட்டுக் கையை உருவ முடியவில்லை, உருவி முடித்தபோது காற்று தீர்ந்து அவனை இரண்டு பேர் இழுத்து வர வேண்டியிருந்தது. அன்றைக்கு அப்புறம் அந்தக் கையில் நகம் வளர்வதே இல்லை. வலது கைக்கு மட்டும் நகம் வெட்டிக்கொண்டு திரிகிறான். கல்யாண வீட்டில் பெண்கள் அவன் இடது கையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார்கள்.

சகாதேவன் மாஸ்டர் அந்தக் கையைப் பார்க்க வந்தார். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கஸ்பாரை ஐஸ் கம்பெனி வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கஸ்பாரு, அவன் சாகல. எங்கேயும் போகவும் இல்ல. அவன் இன்னும் அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளதான் நிக்கிறான். நமக்கு ஒரு வருஷம், அவனுக்கு ஒரு மூச்சு."

"ஒரு நிமிசத்துக்கு எத்தன மூச்சு மாஸ்டர்?"

"பதறாத ஆளா இருந்தா பத்து, பன்னெண்டு. பயந்துட்டா இருபதுக்கு மேல போகும்."

கஸ்பார் அன்று முழுக்கப் பாளம் தூக்கியபடி இதையே யோசித்தான். பயப்படாதே மாப்ள, பயப்படாமல் இருந்தால் சீக்கிரம் வந்துவிடுவாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஊருக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. தஸ்நேவிஸ் நம் கடற்கரைப் பிள்ளை, மச்சானைக் காணாமல் ஏற மாட்டான், எத்தனை யுகமானாலும் தேடிக்கொண்டேதான் நிற்பான், ஆகவே நிமிசக்காரன் இறங்கிப் போய் முகத்தைக் காட்டுவதுதான் முறை என்று அவர்கள் தீர்மானமாகச் சொன்னார்கள். கஸ்பாரும் மறுக்கவில்லை. இரண்டு வருடம் மூச்சு நாளன்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தான். இரண்டு தடவையும் எமரன்சி வந்து படகின் அணியத்துக்கு முன்னால், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டாள். பேசவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை, வெயில் ஏறி இறங்கும்வரை நகரவும் இல்லை. ரேமண்டின் கையை அவளும் பார்த்திருந்தாள்.

வருடங்கள் போயின. ஊரில் பாதிப் பேருக்கு மூச்சு நாள் என்பது கோயில் கொடியேற்றம்போல ஒரு திருநாளாகிவிட்டது, அதற்குப் புதுத்துணி எடுத்தார்கள். கஸ்பார் மட்டும் ஒவ்வொரு வருடமும் எல்லோரும் திரும்பிய பிறகு வத்தையில் தனியாகப் போய், கடைசிக் குமிழிக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். பத்து தாண்டியது, பன்னிரண்டு தாண்டியது. மாப்பிள்ளை பயந்துவிட்டானோ, அல்லது ஊர் சொல்வதுதான் உண்மையோ, நான் ஏறி வந்தது குற்றம்தானோ என்று அவனுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தப்புச் செய்தவனுக்காவது மன்னிப்புக் கேட்க ஒரு வழி உண்டு. சரியாகச் செய்தேனா இல்லையா என்றே தெரியாதவன் யாரிடம் போய்க் கேட்பான்?

அதற்கப்புறம் ஒரு பங்குனியில், கீழே போய்ப் பார்த்தவர்கள் மேலே வந்து வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, "ஆளு மணல்ல நிக்கல. ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல இருந்து வருது" என்றார்கள்.

அன்று மத்தியானம் எமரன்சி ஐஸ் கம்பெனி வாசலுக்கு வந்தாள். கஸ்பார் தோளில் பாளத்தோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள்.

அவன் பாளத்தைப் போட்டுவிட்டான். அது தரையில் விழுந்து நொறுங்கியது, மேஸ்திரி ஏசினான், இரண்டு பேரும் அதைக் கேட்கவில்லை.

"அண்ணே, அவரும் மேலதான் வாராரு. ஒரு நிமிசம்தான் தேடியிருக்காரு. நீ செஞ்சதத்தான் அவரும் செஞ்சிருக்காரு. ஒன்னையப் போட்டு நான்..."

கஸ்பார் நடுத்தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் அவள் வீட்டில் அவனுக்குச் சோறு போட்டாள், வாவல் மீன் குழம்பு, உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது, அவன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

ஊர் கொஞ்சமும் வெட்கப்படாமல் திரும்பிக்கொண்டது. எங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் மந்திரங்களுக்குப் பிறகு, சுத்திப் பார், தட்டிப் பார், ஒரு நிமிடம், மேலே வா என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்தார்கள். திருவிழாவில் வழிதவறின பிள்ளைகள் அழாமல் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் கொடிமரத்துக்கு வந்து நிற்க, தாய்மார் அங்கே வந்து பொறுக்கிக்கொண்டார்கள். எமரன்சி நரைத்த முடிக்குச் சாயம் போட்டாள், வீட்டுக்கு வெள்ளையடித்தாள், அவன் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். வருடத்துக்கு ஒன்றரை முழம் வீதம் குமிழி பிறக்கிற இடம் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வருடமும் அண்ணனும் தங்கையும் ஒரே படகில் போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் இவ்வளவுதான், இன்னும் இவ்வளவுதான் என்று பேசிக்கொண்டு திரும்பினார்கள்.

பிறகு அது நின்றுவிட்டது. ஒரு வருடம் பார்த்தார்கள், மூன்று பாகத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். மறு வருடமும் அதே இடம். அதற்கு மறு வருடமும் அதே இடம். மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். அவருக்கு வயதாகிவிட்டது, முட்டு தேய்ந்து கம்பு ஊன்றி நடந்தார். அளவுக் கயிற்றை இறக்கிப் பார்த்துவிட்டு, அவர் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அஞ்சு மீட்டர்" என்றார். "மூணு நிமிஷம் நிக்கிறான்."

எமரன்சிக்குப் புரிவதற்குள் கஸ்பாருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து வருடம் போல எடுத்தவனுக்கு மூன்று நிமிடம் என்றால் என்ன கணக்கு என்று அவன் மனசு தானாகவே போட்டது.

"ஜோடியத் தொலைச்சவன், ஏழு பாகத்துல நின்னவன், அந்த மூணு நிமிஷத்த விட்டுட்டு நேரா மேல வரலாம்யா. ஒண்ணும் ஆயிருக்காது. அதை நான் சொல்லிக் குடுக்கல. ஆளுங்க கால் விளங்காமப் போறாங்களேன்னு, எப்பவும் நில்லு எப்பவும் நில்லுன்னே சொல்லிட்டேன். அவன் நல்ல மாணவன், நிக்கிறான்" என்று மாஸ்டர் அழுதார்.

"எத்தன வருசம்?" என்றாள் எமரன்சி.

"நாப்பது இருக்கும்மா. கூடவும் இருக்கலாம்."

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு.

"நான் போறேன்" என்றான் கஸ்பார். "மேல ஏறுன்னு பெருவிரலக் காட்டி, கையப் பிடிச்சு மேல கூட்டி வாறேன். அவன் தேடுனது என்னையத்தான."

"நீ போக வேண்டாம்ணே. நான் போறேன்."

ஒரு வாரம் அண்ணனும் தங்கையும் இதைப் பேசித் தீர்த்தார்கள். அவன் கத்தினான், சாப்பிடாமல் கிடந்தான், சாமியாரைக் கூட்டி வந்து சொல்ல வைத்தான். அவள் அசையவில்லை. அதற்குள்ளே போனவர்கள் அதன் காலத்தில்தான் இருப்பார்கள், நீ விரலைத் தூக்கி அதை அவன் பார்க்கவே எத்தனை வருடமோ, திரும்பி வரும்போது இங்கே யார் இருப்போம் என்று மாஸ்டரும் சொல்லிப் பார்த்தார்.

"நான் இங்கன இருந்தா மட்டும்?" என்றாள். "அவரு மேல வந்ததும் மொதல்ல என்னையத்தான் தேடுவாரு. அப்ப நான் செவத்துல மாலை போட்ட படமா இருக்கணுமா?"

"எமரு, அவனுக்கு இன்னும் இருவத்தஞ்சு வயசு. ஒன்னைய அவனுக்கு அடையாளம் தெரியணுமே" என்று கஸ்பார் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டான்.

"தெரியாட்டா தெரியாமப் போகட்டும். கைய நீட்டுனா பிடிப்பாருல்லா? தண்ணிக்குள்ள யாரு கைய நீட்டுனாலும் பிடிக்கணும்னுதான மாஸ்டரு படிச்சுக் குடுத்திருக்காரு."

மாஸ்டர் கம்பைக் கரையில் வைத்துவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஊர் இதையும் பழக்கிக்கொண்டது. பெண்கள் அவளை ரப்பர் உடுப்பில் பார்த்து முதல் நாள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், இரண்டாம் நாள் தைத்துக் கொடுக்க நூல் கொண்டு வந்தார்கள். மூச்சு நாள் வந்தபோது கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோலத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டார்கள். பூ நிற்காது என்று மாஸ்டர் சொன்னதைக் கேட்காமல் ஒருத்தி தலையுறைக்குள் ஒரு முழம் மல்லிகையைச் செருகிவிட்டாள். சாமியார் மந்திரித்தார். யாருக்கும் எந்தப் பூசையைச் செய்வது என்று தெரியாததால் அவர் பயணப் பூசையைச் செய்தார்.

கஸ்பார் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தான், கயிறு. சிலிண்டர் கட்டியவர்களுக்குக் கயிறு வழக்கமில்லை என்றார்கள். "எனக்கு வழக்கமுண்டு" என்று சொல்லிவிட்டு, அவளுடைய இடுப்பில் அவனே கட்டினான்.

"ஒரு இழுப்பு இழுத்தா சுகம்னு அர்த்தம். அப்பிடியே இருக்கேன்னு அர்த்தம். அடுத்தாப்புல இன்னொண்ணு இழுத்தா, தூக்குன்னு அர்த்தம். தெரியுதா?"

"தெரியுதுண்ணே. குமிழிய விட வேகமாத் தூக்கிராத" என்றாள். அவன் கன்னத்தைத் தட்டினாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதுகுப்பக்கமாகக் கடலில் சாய்ந்தாள்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அவளுடைய குமிழிகள் கொதிக்கிற உலைபோல முண்டியடித்து ஏறின, அவள் மெதுவாக இறங்கி அந்தப் பெரிய குமிழிகளுக்குப் பக்கத்தில் போனாள், ஒரு கையை முன்னால் நீட்டினாள். கை தெரியாமல் போயிற்று, பிறகு தோள், பிறகு முகம். கயிறு ஒன்றுமில்லாத தண்ணீருக்குள் போய் முடிந்தது. கொஞ்ச நேரம் எதுவும் ஏறவில்லை. அப்புறம் தட்டு அகலக் குமிழிக்குப் பக்கத்தில் இன்னொரு குமிழி, கொஞ்சம் சின்னது, அதே வேகத்தில் புறப்பட்டது. படகுகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

கயிறு இறுக ஆரம்பித்தது மறுநாள் காலையில். ஒரு விரற்கடை இறுகுவதற்குள் ஒரு மாதம் போயிற்று. இழுப்பு தொடங்கிவிட்டால் கயிற்றை வேறு கைக்கு மாற்றக்கூடாது என்பதால், ஊர் ஊமைப்பாருக்கு மேலே ட்ரம்களைக் கட்டி ஒரு மிதவை போட்டுக் கொடுத்தது, கூரை வேய்ந்து கொடுத்தது, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துச் சோறு அனுப்பியது. ஐஸ் கம்பெனி மேஸ்திரிகூட ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் பீடிக் கட்டு கொடுத்துவிட்டுப் போனான். கஸ்பார் தூங்கும்போதும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே தூங்கினான். வெயில், மழை, வாடைக்காற்று எல்லாம் அவன் மேல் போயின. வைகாசி கழிந்து ஆடியில் அந்த இழுப்பு முழுசாக இறுகி நின்றது, கார்த்திகையில் தளர்ந்தது.

"ஒண்ணு. சுகம்" என்று அவன் படகுக்காரர்களிடம் சொன்னான். செய்தி கரைக்குப் போயிற்று, கோயிலில் மணி அடித்தார்கள். அவள் அங்கேயே இருக்கிறாள், கைப் பிடித்தாயிற்று, நாற்பது வருடமோ என்னவோ இரண்டு பேரும் சேர்ந்து நின்றுவிட்டு வருவார்கள், அப்போது நான் இருக்க மாட்டேன் என்று கஸ்பார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் ஆசைப்பட்டதும் அதுதானே என்றும் சொல்லிக்கொண்டான். ஆனாலும் கயிற்றை விடவில்லை, இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தான். சோறு கொண்டு வந்தவர்கள் இறங்கிவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள், அவனுக்கு ஐம்பது தாண்டி வருடங்கள் ஆகிவிட்டன, கை நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது.

பங்குனியில் இரண்டு மூச்சும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உடைந்த அன்று, மூவேளை மணி அடித்து அடங்கிய பிறகு, அவன் உள்ளங்கையில் கயிறு மறுபடி அசைந்தது.

அவன் எழுந்து நின்றான். படகு ஒன்று பக்கத்தில் வந்து, "ரெண்டா கஸ்பாரு? ரெண்டேதானா?" என்று கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைக் கொஞ்சமாகத் தன் பக்கம் வாங்கிப் பார்த்தான். தண்ணீருக்கு அடியில் ஒரு ஆளின் இழுவை எவ்வளவு என்று அவன் கைக்கு நன்றாகத் தெரியும். இது ஒரு ஆள் இழுவை இல்லை.

"ரெண்டு பேரு" என்றான்.

காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, குமிழியை விட வேகம் கூடாமல், கஸ்பார் இழுக்க ஆரம்பித்தான்.